வீட்டிலேயே ப்ளைவுட் - ஃபைபர் படகு: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

பத்துப் பன்னிரண்டு அடிப் படகு ஒன்றை வீட்டில் கட்டுவது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன், நிறையவே கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஒன்று மட்டும் முதலிலேயே: நான் சொல்வதெல்லாம் ஏரி, குளம், காயல் மாதிரி அமைதியான தண்ணீரில் துடுப்புப் போடும் படகுக்கு. கரையில் உடையும் அலையைத் தாண்டிக் கடலுக்குள் போகிற படகு வேறு விவகாரம், அதற்கு என் பதில்களை நம்பி இறங்க வேண்டாம்.

திருச்சியிலிருந்து: நான் தச்சன் இல்லை. ரம்பம் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான். என்னால் முடியுமா?

முடியும். காரணம் தையல் முறை. பழைய முறையில் முதலில் ஏராக்கட்டை (படகின் அடியில் ஓடும் முதுகெலும்பு), அதன்மேல் விலா எலும்பு மாதிரி விலாக்கட்டைகள், பிறகுதான் பலகை. அதற்குத் தச்சர் கை வேண்டும். இதில் விலாக்கட்டை அநேகமாகக் கிடையாது. வரைபடத்தில் உள்ள அளவுக்குப் பலகைகளை வெட்டி, ஓரத்தில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக இடைவெளி விட்டுத் துளை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து முறுக்கினால் தட்டையாகக் கிடந்த பலகை தானாகவே வளைந்து படகாகிவிடும். உள்மூலையில் எப்பாக்ஸிப் பசையை (ரெசின், ஹார்ட்னர் என்ற இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகுவது) வழித்து அதன்மேல் ஃபைபர் நாடா, அதாவது கண்ணாடி இழை நாடா, ஒட்டினால் மூட்டு முடிந்தது.

இந்த முறையைப் பரவலாக்கியது இங்கிலாந்தில் 1963-ல் வந்த மிரர் என்ற பாய்ப்படகு. 10 அடி 10 அங்குலம். டெய்லி மிரர் பத்திரிகை பின்னால் நின்றது. வடிவமைப்பு ஜாக் ஹோல்ட், பேரி பக்னெல் இருவருடையது. இதில் பக்னெல் டிவியில் வீட்டு மராமத்து வேலை செய்து காட்டியவர், அதாவது நம் மாதிரி ஆட்களுக்காகவே யோசித்தவர். எழுபதாயிரம் படகுக்கு மேல் கட்டப்பட்டிருக்கின்றன, பாதிக்குப் பாதி கராஜிலும் கொல்லையிலும்தான் இருக்கும் என்பது என் ஊகம். நம் பக்கமும் இது புதிதில்லை. கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் 1980-களிலேயே இப்படிக் கம்பியால் தைத்து ப்ளைவுட் வள்ளம் கட்டினார்கள். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே சோழமண்டலக் கரையில் மசூலாப் படகைத் தென்னங்கயிற்றால் தைத்துத்தான் ஓட்டினார்கள். அங்கே தையல்தான் கடைசிவரை படகைப் பிடித்திருந்தது. நம் படகில் கம்பி தற்காலிகம், பசைதான் நிரந்தரம்.

மதுரை: மெரைன் ப்ளை என்று கேட்டால் கடைக்காரர் எதையோ எடுத்து நீட்டுகிறார். எப்படி நம்புவது?

பலகையில் ஐஎஸ் 710 முத்திரை (மெரைன் ப்ளைக்கான இந்தியத் தர எண்) இருக்கிறதா என்று பாருங்கள். ‘வாட்டர் ப்ரூஃப் சார்’ என்று 303 எண் போட்டதைக் காட்டினால் வேண்டாம், அது அலமாரிக்கு. 710-க்கு வைக்கும் சோதனையில் 72 மணி நேரம் கொதிநீரில் போடுகிறார்கள். நீங்கள் அவ்வளவு செய்ய வேண்டாம், வாங்கிய பலகையில் உள்ளங்கையளவு துண்டை வெட்டிச் சில மணி நேரம் கொதிக்கவிட்டு, வெயிலில் காயவைத்து, மறுபடி கொதிக்கவிடுங்கள். அடுக்கு பிரிந்தால் வந்த வழியே திருப்பிக் கொடுங்கள்.

முத்திரை மட்டும் போதாது. ஓரத்தைப் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே கறுப்பாகச் சின்னப் பொந்து தெரியும். ஓரத்தில் ஒன்று தெரிந்தால் உள்ளே இன்னும் இருக்கும். பலகையை வளைக்கும்போது சரியாக அந்த இடத்தில்தான் உடையும். 6 மி.மீ. பலகை 3 அடுக்கிலும் வரும், 5 அடுக்கிலும் வரும். 5 அடுக்கு வாங்குங்கள். குர்ஜன் மரப் பலகை என்றால் எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று சுமார் 12 கிலோ இருக்கும்.

சேலம்: பலகை 8 அடி, படகு 12 அடி. நடுவில் ஒட்டுப் போட்டால் அங்கேயே உடையாதா?

சரியாக ஒட்டினால் அங்கே உடையாது, வேறு எங்காவது உடையும். இரண்டு பலகையின் ஓரத்தையும் சரிவாகச் சீவி ஒன்றின்மேல் ஒன்று படுக்கவைத்து ஒட்ட வேண்டும். சரிவு ஒன்றுக்கு எட்டு: 6 மி.மீ. பலகைக்கு 48 மி.மீ. கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் ஒரு வசதி உண்டு. பலகைகளைப் படிக்கட்டு போல் 48 மி.மீ. தள்ளித் தள்ளி அடுக்கி மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு எல்லாவற்றையும் ஒரே சரிவாக இழைப்புளியால் சீவுங்கள். சீவச் சீவ ப்ளைவுட்டின் அடுக்குகள் வெளிர், கறுப்பு, வெளிர் என்று கோடு கோடாகத் தெரியும். கோடுகள் நேராகவும் இணையாகவும் ஓடினால் சரிவு சரி. எங்கே கோடு வளைகிறதோ அங்கே குழி விழுந்திருக்கிறது அல்லது மேடு நிற்கிறது. வேறு எந்த அளவுகோலும் தேவையில்லை.

ஒட்டும்போது முதலில் தூள் எதுவும் சேர்க்காமல் கலக்கிய எப்பாக்ஸியைத் தடவிச் சில நிமிடம் விடுங்கள், வெட்டிய முகம் குடிக்கும். பிறகு அதிலேயே மரத்தூள் சேர்த்த கெட்டிப் பசை. கிளாம்பை முழுப் பலத்தோடு இறுக்காதீர்கள். எப்பாக்ஸிக்கு மெல்லிய பசைப்படலம் நடுவில் நிற்க வேண்டும், பிழிந்து வெளியே தள்ளிவிட்டால் ஒட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. அடியில் பிளாஸ்டிக் தாள் போட மறந்தால் படகோடு மேசையும் சேர்ந்து வரும்.

இதெல்லாம் வேண்டாம் என்றால் இரண்டு பலகையையும் முட்டவைத்து உள்பக்கம் ஒரு பட்டைத் துண்டை ஒட்டிவிடலாம். பலமாகத்தான் இருக்கும், ஆனால் வளையும்போது அந்த இடம் மட்டும் விறைப்பாகத் தட்டையாகத் தெரியும். குளத்து மீனுக்கு அது தெரியப் போவதில்லை.

கடலூர்: எங்கள் ஊரில் ஃபைபர் படகு கட்டுகிற எல்லோரும் சாதா பாலியஸ்டர் ரெசின்தான் போடுகிறார்கள். விலையும் பாதிக்குக் கீழே. நீங்கள் மட்டும் ஏன் எப்பாக்ஸி எப்பாக்ஸி என்று சொல்கிறீர்கள்?

அவர்கள் செய்வது சரி. அவர்கள் படகு முழுக்க ஃபைபர், அச்சில் எடுப்பது. பாலியஸ்டர் பாலியஸ்டரோடு நன்றாகச் சேரும். மரத்தோடு அவ்வளவு சேராது. மரம் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும், சில வருடத்தில் ஃபைபர் தோல் ஒரு மூலையில் கிளம்பும், இடைவெளியில் தண்ணீர் போய் உட்காரும், வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும் படகு உள்ளே உளுத்துக்கொண்டிருக்கும். முழு ஃபைபர் படகில் பலம் ஃபைபரில். நம் படகில் பலம் மரத்தில், ஃபைபர் வெறும் சட்டை. ஆகவே சட்டை ஒட்டியிருப்பதுதான் எல்லாம்.

பாலியஸ்டர் விற்கும் கடையில் கிடைக்கும் ‘மேட்’டை (நெய்யாமல், கண்ணாடி இழைத் துண்டுகளைப் பரப்பி ஒட்டிய விரிப்பு) வாங்கி எப்பாக்ஸியோடு போடலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். வேண்டாம். அந்த மேட்டில் இழைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பசை, பாலியஸ்டரில் இருக்கிற ஸ்டைரீனில்தான் கரையும். எப்பாக்ஸியில் ஸ்டைரீன் இல்லை, மேட் விறைத்துக்கொண்டு வளைவில் படியாது. நெய்த துணியாகக் கேட்டு வாங்குங்கள்.

பாலியஸ்டர்தான் என்று முடிவெடுத்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ரெசினை இறுகவைக்கச் சேர்க்கும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்டையும் நேருக்கு நேர் ஒரே கப்பில் ஊற்றவே கூடாது, வெடிக்கும். ஆக்சிலரேட்டரை ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக்கூட வேண்டாம்.

சென்னை: ஒரு மக் நிறைய எப்பாக்ஸி கலக்கினேன். பத்து நிமிடத்தில் புகை வந்து மக் உருகிவிட்டது. மட்டமான சரக்கா?

சரக்கு நல்ல சரக்கு. ரெசினும் ஹார்ட்னரும் சேரும்போதே சூடு வரும், மக்கில் குவிந்து கிடந்தால் அந்தச் சூடு வெளியே போகாது, சூட்டினால் இன்னும் வேகமாக இறுகும், அதனால் இன்னும் சூடு. சென்னை மே மாதத்தில் கேட்கவே வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள், கலக்கியதும் அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். ‘சீக்கிரம் இறுகட்டும்’ என்று ஹார்ட்னரை ஒரு சொட்டு அதிகம் விடும் பழக்கம் பாலியஸ்டர்காரர்களிடமிருந்து வந்தது. எப்பாக்ஸியில் அது நடக்காது. தயாரிப்பாளர் சொன்ன விகிதம் எதுவோ அதுதான், தராசில் எடை போட்டு. கூடினாலும் குறைந்தாலும் கடைசிவரை பிசுபிசுப்பு போகாது.

யாழ்ப்பாணம்: அண்ணை, பூசி முடிச்சு அடுத்த நாள் பார்த்தால் மேலே மெழுகு பூசின மாதிரி வழுவழு எண்டு கிடக்கு. பழுதாப் போச்சோ?

ஒன்றும் பழுதாகவில்லை தம்பி. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் ஹார்ட்னர் இப்படி ஒரு படலத்தை மேலே தள்ளும். தண்ணீரில் கரைகிற சமாச்சாரம். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை வைத்துத் தண்ணீர் விட்டுத் தேய்த்துத் துடைத்துவிட்டு, காய்ந்தபின் உப்புத்தாள் போடுங்கள். கழுவாமல் நேரே உப்புத்தாள் போட்டால் அந்த மெழுகை மரத்துக்குள்ளேயே தேய்த்துவிடுவீர்கள், அடுத்த பூச்சு ஒட்டாது. தின்னர் வேண்டாம்.

நாகர்கோவில்: பலத்துக்காக வெளியே 450 கிராம் (சதுர மீட்டருக்கு) மேட் இரண்டு சுற்றுப் போடலாம் என்கிறார் நண்பர்.

நண்பர் நல்லவர், ஆனால் படகைத் தூக்கப் போவது அவரில்லை. 12 அடிப் படகின் வெளிப்பரப்பு சுமார் 6 சதுர மீட்டர். அதில் மேட் இரண்டு சுற்று என்றால் குடிக்கும் ரெசினோடு சேர்த்து 15 கிலோவுக்கு மேல் போய்விடும். 200 கிராம் துணி ஒரு சுற்று, நிரப்பும் பூச்சோடு 5 கிலோ சொச்சம். மூலைகளிலும் கரையில் உரசும் அடிப்பகுதியிலும் மட்டும் இன்னொரு பட்டை. போதும்.

வீட்டில் கட்டிய படகுகளில் நான் பார்த்த வியாதி ஒன்றே ஒன்றுதான், எடை. பயத்தில் 6-க்குப் பதில் 9 மி.மீ., ஒரு சுற்றுக்குப் பதில் மூன்று. கடைசியில் நான்கு பேர் இல்லாமல் நகராத படகு கொட்டகையில் கிடக்கும்.

துணியை நனைக்கும்போது கண்ணால் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்த இடம் காய்ந்திருக்கிறது. சரியாக நனைந்த துணி மறைந்துவிடும், கீழே மரத்தின் ரேகை மட்டும் தெரியும், மேலே துணியின் நெசவு கையில் தட்டுப்படும். கண்ணாடி மாதிரிப் பளபளத்தால் துணி ரெசினில் மிதக்கிறது, ஒரு பழைய ஏடிஎம் அட்டையால் வழித்து எடுங்கள்.

புதுக்கோட்டை: மூலையில் வைக்கும் பசை என்ன பதம்?

மருதாணிப் பதம். வைத்தால் நிற்க வேண்டும், வழியக் கூடாது. எப்பாக்ஸியில் சலித்த மெல்லிய மரத்தூள். சிலிகாத் தூள் கிடைத்தால் அதிலும் கொஞ்சம்.

அதே நண்பர்: கம்பியை எடுக்கணுமா?

கம்பிகளுக்கு இடையில் மட்டும் முதலில் பசை வைத்து, மறுநாள் கம்பியைக் கழற்றிவிட்டு மீதியை நிரப்புங்கள். மாட்டிக்கொண்ட கம்பியின் நுனியில் சால்டரிங் அயர்னை வைத்துச் சூடாக்கி இடுக்கியால் இழுத்தால் வந்துவிடும். ஆனால் பசை வைக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்: படகு முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது. அணியத்துக்கு (படகின் முன்முனை) பக்கத்தில் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டு நேரான சட்டங்களைக் குறுக்கே வைத்து, பத்தடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். இரண்டும் ஒரே கோட்டில் விழ வேண்டும். பசை இறுகும்வரை கையால் தள்ளியே நிமிர்த்தலாம். இறுகிய பிறகு பிரம்மாவே வந்தாலும் முடியாது, படகு ஆயுளுக்கும் ஒரு பக்கம் இழுக்கும்.

கோவை: பூச்சில் குமிழ் குமிழாக வருகிறது.

காலையில் பூசுகிறீர்கள். வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வருகிறது. சாயங்காலம் சூடு இறங்கும்போது பூசுங்கள், மரம் ரெசினை உள்ளே இழுக்கும்.

தஞ்சாவூர்: எத்தனை பேர் ஏறலாம் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

ஒரு கன அடி நன்னீர் 28 கிலோ. தண்ணீரில் உட்காரும் அடிப்பரப்பு 25 சதுர அடி, 4 அங்குலம் அமிழலாம் என்று வையுங்கள்: எட்டு கன அடிக்குச் சற்று மேல், சுமார் 230 கிலோ. படகே 50 கிலோ. மீதி 180, அதாவது இரண்டு பேர், துடுப்பு, கட்டுச்சோறு. மூன்றாவது ஆள் ஏறினாலும் மூழ்காது, ஆனால் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடைவெளி குறையும், யாராவது எழுந்து நின்றால் கதை முடிந்தது.

முன்னும் பின்னும் அடைத்த காற்றறைகள் கட்டாயம். உள்ளே தெர்மாகோல் வைக்கலாம். எப்பாக்ஸி அதை ஒன்றும் செய்யாது, பாலியஸ்டர் பட்டால் கரைந்து காணாமல் போய்விடும். மூடி இறுக்கிய காலி இரண்டு லிட்டர் பாட்டில்களும் சரிதான். லைஃப் ஜாக்கெட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

திருநெல்வேலி: வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆபத்தா?

மூடிய அறையில் செய்யாதீர்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். எப்பாக்ஸி தோலில் படப்பட ஒருநாள் ஒவ்வாமை வந்துவிடும், வந்தால் பிறகு டப்பாவைத் திறந்தாலே அரிக்கும். கையுறை போடுங்கள், பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தின்னரால் துடைத்தால் இன்னும் உள்ளே போகும். ஃபைபரைத் தேய்க்கும் தூசிக்கு நல்ல மாஸ்க், கைக்குட்டை கட்டுவது உதவாது.

ஈரோடு: மொட்டை மாடியில் கட்டலாமா?

கட்டலாம், இறக்குவது எப்படி என்று முதலில் யோசித்திருந்தால். நான்கடி அகலப் படகு மாடிப்படித் திருப்பத்தில் திரும்பாது. கைப்பிடிச் சுவருக்கு மேலே கயிறு கட்டி இறக்க வேண்டும், வழியில் மின்கம்பி இல்லாமல் இருக்க வேண்டும்.

ராமநாதபுரம்: எஞ்சின் வைக்கலாமா? அனுமதி ஏதாவது?

10 அடி நீர்க்கோடு (தண்ணீர் மட்டத்தில் படகின் நீளம்) உள்ள படகு மணிக்கு 8 கி.மீ. அளவுக்குத்தான் சுகமாக ஓடும், அதற்கு 2 குதிரைத்திறன் தாராளம். பெரிய எஞ்சினை மாட்டினால் பின்பக்கம் அமிழ்ந்து அணியம் வானத்தைப் பார்க்கும். பின்பலகையை மட்டும் இரட்டிப்புத் தடிமனாக்குங்கள். எஞ்சின் வைத்தால் உள்நாட்டு நீர்நிலைகளுக்கு 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவு வேண்டும். துடுப்புப் படகானாலும் ஏரி யாருடையது என்று கேட்டுவிட்டு இறக்குங்கள். வேடந்தாங்கல், பழவேற்காடு மாதிரிப் பறவைகள் சரணாலயம் என்றால் வனத்துறையைக் கேட்காமல் கால் வைக்காதீர்கள்.

வேலூர்: கடைசிப் பூச்சுக்குப் பெயின்ட் அவசியமா? மர நிறம் தெரிந்தால் அழகாக இருக்குமே.

அழகுதான், ஆனால் எப்பாக்ஸிக்கு வெயில் ஆகாது, மஞ்சளாகி, பொடிந்து, உரியும். மரம் தெரிய வேண்டுமென்றால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷ் பல பூச்சு, வருடா வருடம் புதுப்பிக்கத் தயாராக இருந்தால். நம் வெயிலுக்கு நான் வெளிர் நிறப் பெயின்ட்தான் சொல்வேன். உள்ளே மட்டும் வார்னிஷ் வைத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்தாதபோது கவிழ்த்து, நிழலில், செங்கல் மேல் வையுங்கள். காற்றறை மூடிகளைத் திறந்து போடுங்கள்.