ஐபிவி6 வந்தால் வீட்டுக் கமரா, பிரிண்டர் எல்லாம் வெளியே தெரியுமா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: புது ரவுட்டரில் ஐபிவி6 (இணைய முகவரி முறையின் புதிய பதிப்பு) ஓடுகிறது, வீட்டிலுள்ள ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி, அதை அணைத்துவிடவா என்று.

அணைக்க வேண்டாம். முகவரி இருப்பது வேறு, கதவு திறந்து கிடப்பது வேறு. பழைய முறையான ஐபிவி4இன் முகவரி 32 பிட் நீளம் மட்டும்தான். பற்றாக்குறையால் வீட்டுக்கு ஒன்று கொடுத்து, உள்ளே இருப்பவை எல்லாம் அதையே நாட் (ஒரே முகவரியை ரவுட்டர் பல கருவிகளுக்குப் பகிரும் முறை) வழியாகப் பங்கு போட்டன. வெளியிலிருந்து கேளாமல் வரும் இணைப்பு யாருக்கென்று ரவுட்டருக்குத் தெரியாது, அதனால் நின்றுவிடும். அதையே பாதுகாப்பு என்று நம்பிப் பழகிவிட்டோம். ஐபிவி6 முகவரி 128 பிட், பங்கு போடும் தேவையே இல்லை. அந்தக் காவலை இனி, கேளாமல் வருவதைத் தடுக்கும் ஃபயர்வால்தான் பார்க்க வேண்டும். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஐபிவி6 ஃபயர்வால் என்று தனியாக இருந்தால், அது ஆனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது கமரா. கல்லடியில் எங்கள் வீட்டுக் கமராவின் முகவரியில், பின்பாதியின் நடுவில் 'எஃப்எஃப்:எஃப்ஈ' என்று இருந்தது. அப்படி இருந்தால் பெரும்பாலும் மேக் எண்ணை (கருவிக்குத் தயாரிப்பிலேயே கொடுக்கும் அடையாள எண்) வைத்தே அந்த முகவரி உருவாகியிருக்கும். எந்த வைஃபைக்கு மாற்றினாலும் அந்தப் பாதி மாறாது, தயாரித்த நிறுவனத்தைக்கூட அதில் கண்டுபிடிக்கலாம். இன்றைய போன்களும் விண்டோஸ் கணினிகளும் வெளியே பேசத் தற்காலிக முகவரி எடுத்து, அதை மாற்றிக்கொண்டே இருக்கும். மலிவான கமராக்கள் பலவற்றில் அந்த வசதி கிடையாது.

எனக்கு உண்மையில் பயம் வேறு இடத்தில். சுவிஸில் இருக்கிற மகன் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றால், கமரா பூட்ட வருகிறவர் ரவுட்டரில் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வாசலை, திறந்துவிட்டுப் போய்விடுவார். பாஸ்வேர்டும் பெட்டியில் வந்ததாகவே இருக்கும். இது எந்த ஐபியிலும் ஆபத்துதான். பெரும்பாலான கமரா ஆப்களுக்கு அந்தத் திறப்பே தேவையில்லை. கமராவே வெளியே போய் நிறுவனத்தின் சர்வரோடு இணைந்துகொள்ளும். தயவுசெய்து திறந்ததை மூடுங்கள், கருவிகள் தாமே போர்ட்டைத் திறக்க விடும் யூபிஎன்பியையும் அணையுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஆனால் ஃபயர்வாலில், ஐபிவி6 தன் பிழைச் செய்திகளை அனுப்பும் ஐசிஎம்பிவி6ஐ முழுதாகத் தடுக்காதீர்கள், ஐபிவி6 சில இடங்களில் தடுமாறும்.

பிரிண்டருக்கு எஃப்ஈ80 என்று தொடங்கும் முகவரி தானாகவே இருக்கும், அது வெளியே போகாது. 2 அல்லது 3 என்று தொடங்குவதுதான் உலக முகவரி.

எல்லாம் செய்த பிறகு, போனில் வைஃபையை நிறுத்தி, டேட்டாவில் கமராவின் உலக முகவரியைச் சதுர அடைப்புக்குள் போட்டு பிரவுசரில் திறந்து பாருங்கள். திறக்கக் கூடாது. அந்த டேட்டாவிலும் ஐபிவி6 இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கதவு திறந்திருந்தாலும் பக்கம் வராது.