கேள்வி–பதில்: செக் என்ஜின் லைட் எரிந்தால்

கேள்வி: என்னுடையது 2011 மாடல் பெட்ரோல் கார். செக் என்ஜின் லைட் எரிந்ததும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் செய்தார்கள். பி0171 என்ற எரர் கோட் வந்தது. ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று மாற்றினார்கள். சில நாளில் மறுபடி அதே விளக்கு, மறுபடி ஒரு சென்சார். இப்போது மூன்றாவது தடவையாக எரிகிறது. நானே ஒரு ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கிப் பார்த்தேன். லாங் டேர்ம் ஃப்யூயல் டிரிம் ஐடிலிங்கில் (வண்டி நிற்க, என்ஜின் மட்டும் ஓடும்போது) +6 சதவீதம், நாலுவழிச் சாலையில் ஏற்றத்தில் மிதிக்கும்போது +24. என்ன செய்வது?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: அடுத்த சென்சாரை வாங்காதீர்கள். பி0171 என்றால் கலவை ‘லீன்’, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்று அர்த்தம். அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே அந்த ஆக்சிஜன் சென்சார்தான். சரியாக வேலை செய்ததையே இரண்டு தடவை கழற்றிப் போட்டிருக்கிறார்கள். கேட்கவே வருத்தமாக இருக்கிறது. சந்தேகம் இருந்தால் சோதிப்பது சுலபம். என்ஜின் சூடானதும் ஸ்கேனர் ஆப்பில் முன் சென்சாரின் (என்ஜின் பக்கம் இருக்கும் ஆக்சிஜன் சென்சார்) வோல்டேஜைப் பாருங்கள். 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே மாறி மாறி ஓட வேண்டும். ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்தால் 0.8-க்கு மேலே தாவ வேண்டும். தாவினால் சென்சார் நல்லது.

நீங்கள் அனுப்பிய இரண்டு எண்களும் அருமையான தகவல். ஃப்யூயல் டிரிம் என்பது, கணக்குப்படி ஊற்ற வேண்டிய பெட்ரோலுக்கு மேல் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ எவ்வளவு கூட்டி ஊற்றுகிறது என்பது. ஐடிலிங்கில் +6 இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தமான பெட்ரோலில் ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று போதும் என்றால், இந்தக் கலவைக்கு ஏறக்குறைய 13.5 கிலோதான். அதே காற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் எரிபொருள் வேண்டும். பழைய கார் அந்த வித்தியாசத்தை டிரிம்மில் காட்டும்.

+24 அப்படியல்ல. ஐடிலிங்கில் சுமாராக இருந்து, சுமை ஏற ஏற மோசமாகிறது என்றால் நான் முதலில் பார்ப்பது பெட்ரோல் வரும் வழி. டேங்குக்குள் இருக்கும் பம்ப் தளர்ந்திருக்கலாம், அதனுடனே இருக்கும் ஃபில்டர் அடைத்திருக்கலாம், இன்ஜெக்டர்கள் அழுக்கேறியிருக்கலாம். எதையும் மாற்றுவதற்கு முன் ஃப்யூயல் பிரஷர் கேஜ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வகைக் கார்கள் பலவற்றில் 3 பார் அளவில் இருக்கும்; உங்கள் காருக்கான எண் சர்வீஸ் மேனுவலில் உண்டு. கேஜை வைத்துக்கொண்டே ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டும், முடிந்தால் ஓட்டியும் பார்க்க வேண்டும். ஐடிலிங்கில் மட்டும் பார்த்துவிட்டு ‘பிரஷர் சரி’ என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ரிசர்வில் ஓட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பம்ப்பைக் குளிர்விப்பதே அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான்.

பிரஷர் சரியாக இருந்தால் அப்புறம் இன்ஜெக்டர், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட். முன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்டில் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய், இல்லாத லீனைக் காட்டும். இன்னொன்று, எரர் கோட்களை அழிப்பதற்கு முன் ஸ்கேனரில் ‘ஃப்ரீஸ் ஃபிரேம்’ பக்கத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். விளக்கு எரிந்த நொடியில் என்ஜின் சூடு, ஆர்பிஎம், வேகம் எல்லாம் அதில் பதிந்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும்.

கேள்வி: கொடைக்கானல் ஏறும்போது செக் என்ஜின் லைட் விட்டுவிட்டு மின்னியது. வண்டி குலுங்கியது. மேலே போனதும் மின்னுவது நின்று, விளக்கு சாதாரணமாக எரிந்தது. அப்படியே ஓட்டலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: அப்படியே ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். இப்போதுபோல் நிலையாக எரிந்தால் மெதுவாக ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போய்க் காட்டலாம். மின்னினால் என்ஜின் மிஸ் அடிக்கிறது, எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. கன்வெர்ட்டர் உருகினால் செலவு பல மடங்கு. மின்னும்போதே ஆக்சிலேட்டரை விட்டு ஓரமாக நிறுத்துவதுதான் சரி. ஸ்கேனில் பி0302 வந்தால் 2-வது சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இக்னிஷன் காயில் (பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) உள்ள வண்டியாக இருந்தால், அந்தக் காயிலை 3-வதோடு மாற்றிப் போடச் சொல்லுங்கள். கோட் பி0303 ஆக மாறினால் காயில்தான். மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று அடுத்தடுத்துப் பார்க்கலாம். இந்தச் சோதனைக்குப் பார்ட்ஸ் செலவே இல்லை.

கேள்வி: பழைய கார் வாங்கப் போகிறேன். எரர் கோட்களை அழித்துவிட்டு விற்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள். செக் என்ஜின் லைட் எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஆன் செய்தும் எரியவில்லை என்றால் விளக்கையே எடுத்திருக்கலாம். அப்புறம் ஸ்கேனரில் ‘ரெடினஸ்’ பக்கத்தைப் பாருங்கள். கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் சோதனைகளில் பல முடியாதவை என்று காட்டினால், எரர் கோட்களை அண்மையில் அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். நம் நாட்டில் ஓபிடி-2 (காரே தன் கோளாறைக் கண்டுபிடித்து ஸ்கேனருக்குச் சொல்லும் ஏற்பாடு) கட்டாயமானது 2013 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய வண்டியில் மலிவு ஸ்கேனர் பேசாமல் போகலாம். அந்தக் கம்பெனி ஸ்கேனர் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.