அணுக்கள் குறைந்தால் எதைச் சாப்பிடுவது?

வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. மார்பகப் புற்றுநோய்க்காகக் கோவையில் கீமோதெரபி எடுத்துக்கொள்கிறார். இரண்டாவது தவணைக்குப் போனபோது வெள்ளை அணுக்கள் 2,100 மட்டுமே இருப்பதாகச் சொல்லி, ஒரு வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். சொந்தபந்தங்கள் ஆட்டுச் சுவரொட்டி, பப்பாளி இலைச் சாறு, மாதுளை, பீட்ரூட் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைக் கொடுத்தால் அணுக்கள் சீக்கிரம் ஏறும்?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: உங்கள் அம்மாவுக்கு அணுக்கள் குறைந்ததற்குச் சாப்பாடு காரணமில்லை. ஆகவே நீங்கள் சரியாகச் சமைத்துப் போடவில்லையோ என்ற குற்ற உணர்வு இருந்தால் அதை முதலில் விட்டுவிடுங்கள். கீமோ மருந்துகள் வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களைத் தாக்குபவை. புற்றுநோய்ச் செல்களைப் போலவே எலும்பு மஜ்ஜையில் இரத்த அணுக்களை உண்டாக்கும் செல்களும் இரவு பகலாகப் பெருகிக்கொண்டிருப்பதால் அவையும் அடிபடுகின்றன. கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோஃபில் எனும் வெள்ளை அணு இரத்தத்தில் ஏறக்குறைய ஒரு நாள்தான் உலவும். இரத்தம் உறைய உதவும் தட்டணுவின் (பிளேட்லெட்) ஆயுள் 7 முதல் 10 நாட்கள். சிவப்பணுவுக்கோ சுமார் 120 நாட்கள். உற்பத்தி சிறிது காலம் நின்றால் ஆயுள் குறைந்தவைதானே முதலில் தீரும்? அம்மாவின் அறிக்கையில் ஹீமோகுளோபின் பெரிதாக இறங்காமல் வெள்ளை அணுக்கள் மட்டும் சரிந்திருந்தால் காரணம் இதுதான்.

பெரும்பாலான மருந்துகளில், ஊசி போட்ட 7 முதல் 14 நாட்களுக்குள் எண்ணிக்கை அடிமட்டத்தைத் தொட்டு, மூன்றாவது அல்லது நான்காவது வாரத்தில் மஜ்ஜை தானாகவே தேறிவிடும். தவணைகளை மூன்று வார இடைவெளியில் வைப்பதும், தேறாதபோது ஒரு வாரம் தள்ளிப்போடுவதும் இதனால்தான். தேவைப்பட்டால் மஜ்ஜையைத் தூண்டும் ஊசியை மருத்துவரே போடுவார். அதைப் போட்ட பிறகு இடுப்பிலும் முதுகிலும் எலும்பு வலி வந்தால், மஜ்ஜை வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இனி உறவினர்களின் பட்டியலுக்கு வருவோம். சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். அதில் இரும்புச் சத்து மிகுதி. உடலில் நன்றாகச் சேரும் வகையும்கூட. இரும்புக் குறைவால் சோகை வந்தவருக்கு அது உதவும் என்பதில் நம் பாட்டிமார்கள் சொன்னது சரியே. ஆனால் இரும்பு சிவப்பணுவுக்குரிய பொருள். அதைக் கொண்டு வெள்ளை அணுவை ஏற்ற முடியாது. மாதுளையும் பீட்ரூட்டும் நல்ல உணவுகள்தாம் என்றாலும், அவற்றின் சிவப்பு நிறத்துக்கும் இரத்தத்துக்கும் யாதொரு உறவும் இல்லை. பப்பாளி இலைச் சாறு டெங்குக் காய்ச்சலின் வழியாக நம் வீடுகளுக்குள் வந்தது. டெங்குவில் தட்டணுக்கள் சரிந்து, ஒரு வாரத்துக்குப் பின் பெரும்பாலோருக்குத் தாமாகவே ஏறத் தொடங்கும். ஆறாம் நாள் சாறு கொடுத்தவருக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. கீமோ நடக்கும்போது அந்தச் சாறும் வேண்டாம், நாட்டு மருந்துக் கடைச் சூரணமும் வேண்டாம். கீமோ மருந்துகள் பலவற்றைக் கையாள்வது கல்லீரல்தான் என்பதால், அதன் மேல் வேறெதையும் ஏற்றுவதற்கு முன் சிகிச்சை தரும் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

என்ன கொடுக்கிறீர்கள் என்பதைவிட எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதே இப்போது முக்கியம். அரிசியும் பருப்பும் சாதம், கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடைசல், மஞ்சள் கரு முழுதும் வெந்த முட்டை என எதுவானாலும் அப்போதே சமைத்துச் சூடாகப் பரிமாறுங்கள். பழையசோறு, ஆஃபாயில், சாலையோரம் வெட்டி வைத்த பழம், காலையில் அரைத்து மதியம் வரை வெளியில் கிடந்த தேங்காய்ச் சட்னி ஆகியவற்றைச் சிகிச்சை முடியும்வரை ஒதுக்குங்கள். பழத்தைக் கழுவி, தோலை நீக்கிக் கொடுக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருக்க வேண்டும். காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால், அது நள்ளிரவானாலும், பாரசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வெள்ளை அணு குறைந்த உடலில் சீழ் வைக்காது, வீக்கமும் தெரியாது. கிருமி உள்ளே பரவுவதற்குக் காய்ச்சல் ஒன்றே அடையாளமாக இருக்கக்கூடும். சுவரொட்டி வாங்க அலையும் நேரத்தில் பாதியை, நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் எந்த வண்டியில் போவது என்று ஏற்பாடு செய்வதில் செலவிடுங்கள் என்பேன்.

கேள்வி: வயது 34. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஹீமோகுளோபின் 8.2 என்று இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். மலம் கறுப்பாகப் போனதால் பயந்து மூன்று வாரத்தில் நிறுத்திவிட்டேன். பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் போதாதா?
- வாசகி, திருப்பூர்

பதில்: போதாது. முருங்கைக்கீரையில் இரும்பு உண்டு. ஆனால் கீரையில் உள்ள இரும்பில் சிறு பங்குதான் உடலில் சேரும். பேரீச்சையில் இரும்பைவிட இனிப்பே அதிகம். இரண்டையும் சாப்பிடுங்கள், மாத்திரைக்குப் பதிலாக அல்ல.

மலம் கறுத்தது, உடலில் சேராத இரும்பு வெளியேறுவதால். அது கெடுதல் இல்லை. தாரைப் போலப் பிசுபிசுத்து, கடும் நாற்றத்துடன் போனால் மட்டும் வயிற்றில் இரத்தக் கசிவா என்று பார்க்க வேண்டும். மாத்திரையை எலுமிச்சைச் சாற்றுடன் போடுங்கள். கம்பெனியில் காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் வரும் டீயிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளி இருக்கட்டும். டீயும் காபியும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கால்சியம் மாத்திரையையும் அதே வேளையில் போடக் கூடாது. வயிறு புரட்டினால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்; நிறுத்திவிடாதீர்கள். சரியாகப் போட்டால் ஹீமோகுளோபின் மாதத்துக்கு 1 முதல் 2 கிராம் வரை ஏறும். 12-ஐத் தொட்ட பிறகும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் உடலின் இருப்பு நிரம்பும்.

எங்கே கசிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மாதவிடாய் எத்தனை நாள், எத்தனை நாப்கின். மூலத்தில் இரத்தம் போகிறதா. ஊருக்குப் போகும்போது காட்டில் வெறுங்காலோடு களை வெட்டுவதுண்டா? ஈர மண்ணில் உள்ள கொக்கிப்புழு பாதத்தின் வழியே ஏறிக் குடலில் தொற்றி நாள்தோறும் சிறிது சிறிதாக இரத்தம் உறிஞ்சும். அது இருக்கும்வரை மாத்திரை ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான். நீங்கள் இறைச்சி, முட்டை, பால் எதுவும் எடுத்துக்கொள்ளாதவர் என்றால் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்; அது குறைந்தால் மூன்று வகை அணுக்களுமே இறங்கக்கூடும்.

கேள்வி: 46 வயது ஆண். காய்ச்சல் இல்லை, இரத்தக் கசிவும் இல்லை. முழு உடல் பரிசோதனையில் தட்டணுக்கள் 48,000 என்று வந்திருக்கிறது. உடனே அட்மிட் ஆக வேண்டுமா?
- வாசகர், காங்கேயம்

பதில்: இயல்பான அளவு 1.5 முதல் 4.5 லட்சம் என்பதால் உங்கள் அச்சம் புரிகிறது. ஆனால் நலமாக இருப்பவரிடம் இப்படி ஓர் எண் வந்தால், எண்ணிய இயந்திரத்தையும் சந்தேகிக்க வேண்டும். ஊதா மூடிக் குழாயில் உள்ள, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, சிலருடைய தட்டணுக்களைக் கொத்துக் கொத்தாக ஒட்டவைத்துவிடும். இயந்திரம் ஒரு கொத்தைத் தட்டணுவாகவே கணக்கில் எடுக்காது. ஆய்வகத்தில் இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். கொத்துகள் தெரிந்தால் நீல மூடிக் குழாயில் மறுபடி எடுத்து எண்ணுவார்கள். அதில் உள்ள திரவம் இரத்தத்தைச் சற்றே நீர்த்துவிடுவதால் வருகிற எண்ணை 1.1-ஆல் பெருக்கிக்கொள்வார்கள். அப்போதும் குறைவாகவே இருந்தால், சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்; மதுப் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.