புருகேரா பதிப்பகம்: கேள்வி பதில்

சார், ஸ்பெயின் காமிக்ஸ் என்றாலே புருகேரா என்கிறார்களே, அது எப்போது தொடங்கியது?

1910இல், பார்சிலோனாவில். ஹுவான் புருகேரா 'எல் கதோ நேக்ரோ' (கறுப்புப் பூனை) என்ற பெயரில் தொடங்கினார். 1921இல் 'புல்கார்சீத்தோ' சிறுவர் இதழ் வந்தது. ஸ்பெயின் உள்நாட்டுப் போர் (1936-39) முடிந்த பிறகு மகன்கள் குடும்பப் பெயரையே பதிப்பகத்துக்கு வைத்தார்கள்.

போர் முடிந்த கையோடு சிரிப்புக் கதைகளா?

ஆமாம், அதுவும் பசியை வைத்தே. ஓவியர் எஸ்கோபார் 1947இல் உருவாக்கிய கார்பாந்தா என்ற பாத்திரத்துக்குப் பாலத்தடிதான் வீடு. வறுத்த முழுக்கோழி ஒன்றுதான் அவன் கனவு. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாது. ரேஷனில் காலம் தள்ளிய ஜனங்களுக்கு அவன் யாரென்று சொல்லவா வேண்டும்? எஸ்கோபாரே போருக்குப் பிறகு சிறையில் இருந்து வந்தவர்.

அண்ணா, நாவல்களும் போட்டார்களாமே?

மலை மலையாக! கொரீன் தெயாதோவின் முதல் காதல் நாவல் 1946இல் இங்கேதான் வெளிவந்தது. எனக்கு மனதில் நிற்பவர் கொன்சாலெஸ் லெதேஸ்மா. 1948இல் பரிசு வாங்கிய அவருடைய நாவலைத் தணிக்கை தடுத்துவிட்டது. அப்புறம் 'சில்வர் கேன்' என்ற புனைபெயரில் நூற்றுக்கணக்கான கௌபாய் கதைகள் எழுதினார். 1984இல் சொந்தப் பெயரில், ஸ்பெயினின் பெரிய நாவல் பரிசான பிளானெட்டாவையே வென்றார்.

1957இல் ஓவியர்கள் வெளியேறியது ஏன்?

வரைந்த ஒரிஜினலும் பாத்திரத்தின் உரிமையும் பதிப்பகத்துக்கே போய்விடும். இது பெரிய அநியாயம். எஸ்கோபார், சிஃப்ரே, கோந்தி, ஹினெர், பென்யரோயா ஐவரும் விலகி, 'தியோ பீபோ' என்ற சொந்த இதழ் தொடங்கினார்கள். சில வருடங்களில் அந்த இதழும் புருகேராவின் கைக்கே போனது, அவர்களும் திரும்பினார்கள். இதற்கிடையில், வங்கி வேலையை விட்டுவிட்டு முழுநேரம் வரைய வந்த இபான்யெஸ், 1958 ஜனவரியில் புல்கார்சீத்தோவில் மொர்ததேலோ, ஃபிலெமோன் என்ற துப்பறியும் சிரிப்பு ஜோடியை அறிமுகப்படுத்தினார்.

இரும்புக்கை மாயாவியை வரைந்தவரும் புருகேரா ஆளா?

ஹெசூஸ் பிளாஸ்கோ பார்சிலோனாக்காரர்தான். ஆனால் மாயாவியை அவர் வரைந்தது லண்டனின் 'வேலியன்ட்' இதழுக்கு. ஸ்பெயினில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த 'கூத்தோ' வந்தது 'சீகோஸ்' என்ற வேறு இதழில்.

கடைசியில் என்ன ஆனது?

1982இல் பாக்கிகளைக் கட்ட முடியாத நிலை வந்தது, 1986இல் மூடிவிட்டார்கள். சேத்தா என்ற ஊடகக் குழுமம் சொத்துகளை வாங்கி 'எதிசியோனெஸ் பே' என்ற புதுப் பதிப்பகத்தைத் தொடங்கியது. 1985இலேயே விலகிய இபான்யெஸால் தன் பாத்திரங்களை எடுத்துப் போக முடியவில்லை. மொர்ததேலோவை வேறு கைகள் வரைந்தன. 1987இல் ஸ்பெயினில் புதிய அறிவுசார் சொத்துரிமைச் சட்டம் வந்தது. அதன் பிறகுதான், முப்பது வருடம் தான் வளர்த்த ஜோடியின் உரிமை அவருக்குத் திரும்பக் கிடைத்தது.