அக்ராவுக்கு முதல் பயணமா? முதலில் ஊசி

வணக்கம் சார். டெல்லி மயூர் விஹாரிலிருந்து மனைவியுடன் கானாவின் தலைநகர் அக்ராவுக்கு அடுத்த மாதம் கிளம்புவதாகவும், இருவரும் சைவம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். விசா, ஹோட்டலெல்லாம் இருக்கட்டும், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை முதலில் முடியுங்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அதற்குத் தரும் சான்றிதழான மஞ்சள் அட்டை செல்லும். அப்புறம் ஆயுளுக்கும் போதும். அட்டை இல்லாமல் திரும்பினால் இங்கே விமான நிலையத்திலேயே பிடித்து ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். டெல்லியில் ஆர்எம்எல் (ராம் மனோகர் லோகியா) மருத்துவமனையில் போடுகிறார்கள். ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து, திறந்தால் சில மணி நேரத்தில் தீர்க்க வேண்டும்; அதனால் நாள் குறித்து, ஆள் சேர்த்துத்தான் போடுவார்கள். இன்றே பதிவு செய்யுங்கள். முட்டை ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

மலேரியா மாத்திரையும் அவசியம். டாக்சிசைக்ளின் எழுதித் தந்தால், திரும்பி வந்து நான்கு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். வந்தாச்சே என்று பலரும் நிறுத்திவிடுவது இங்கேதான்.

சாப்பாடு பயமில்லை. வாச்சே என்பது காராமணி போட்டு வேகவைத்த சோறு, நம் வாய்க்குப் பிடிக்கும். ஆனால் மேலே ஊற்றும் கறுப்புக் காரச் சட்னி, ஷிட்டோ, அதில் கருவாடும் இறாலும் இருக்கும். தட்டு நீட்டும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காசு கொடுப்பது வலது கையால், நம்மூர் மாதிரியே.

டாலர் நோட்டு புதிதாக, கசங்காமல் இருக்கட்டும். கடலில் இழுப்பு அதிகம், கால் நனைப்பதோடு சரி.