வெள்ளியங்கிரி இறங்கிய பிறகு கால் வலி: மசாஜ் எப்போது, எப்படி?

கேள்வி: எனக்கு வயது 43. திருப்பூரில் பனியன் கம்பெனியில் மேற்பார்வையாளர், பெரும்பாலும் நின்றபடியே வேலை. சனிக்கிழமை இரவு பூண்டியிலிருந்து வெள்ளியங்கிரி ஏறி ஞாயிறு மதியம் இறங்கினோம். அன்றைக்கு அசதி மட்டும்தான். திங்கள் காலை எழுந்தால் இரண்டு தொடையும் இறுகிப்போய் படி இறங்க முடியவில்லை, இன்று செவ்வாய், இன்னும் அதிகமாகிவிட்டது. இடது முட்டியின் வெளிப்பக்கமும் வலிக்கிறது. நண்பர் டீப் டிஷ்யூ மசாஜ் எடுக்கச் சொல்கிறார், அம்மா சுளுக்கு வழிக்கிறவரைக் கூப்பிடலாம் என்கிறார். எது சரி? வீட்டிலேயே செய்துகொள்ளலாமா?

பதில்: இந்த வாரம் இரண்டுமே வேண்டாம். மசாஜே கூடாது என்று சொல்லவில்லை, அழுத்திப் பிசைவதுதான் இப்போது கூடாது. மெதுவாக நீவி விட்டால் நல்லது, அதை வீட்டிலேயே தாராளமாகச் செய்யலாம்.

ஏறும்போது மூச்சுதான் வாங்கும், காலைப் பதம் பார்ப்பது இறக்கம். ஒரு வழிக்குச் சுமார் 6 கிலோமீட்டர்தான் என்றாலும் வெள்ளியங்கிரியில் பாதி இடத்தில் ஒழுங்கில்லாத கல்படி, மீதியில் சரளை மண், ஒவ்வொரு முறை காலைக் கீழே வைக்கும்போதும் உடம்பின் முழு எடையையும் தொடையின் முன்பக்கச் சதைதான் பிடித்து நிறுத்துகிறது. மலைப்பாதையில் இறங்கும் லாரிக்கு பிரேக் போல. சாதாரணமாக சதை சுருங்கித்தான் வேலை செய்யும், இறக்கத்திலோ நீண்டுகொண்டே இறுகிப் பிடிக்க வேண்டும். இந்த மாதிரி வேலையில் சதை இழைகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. அதைச் சரிசெய்ய உடம்பு அங்கே அழற்சியைக் கிளப்புகிறது, வலி அதிலிருந்து வருகிறது. அதனால்தான் ஞாயிறு மாலை நன்றாக இருந்த கால் திங்கள் அன்று மக்கர் செய்கிறது. இந்த வலி 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு தானாக இறங்கும். நீங்கள் எழுதியிருக்கும் செவ்வாய்க்கிழமைதான் அந்த உச்சம். மலை ஏறாத ஆட்களுக்கு மட்டும் வருவது என்றில்லை, தினமும் ஓடுகிறவர்கள்கூட திடீரென்று நீண்ட இறக்கம் இறங்கினால் இதே கதிதான்.

'லாக்டிக் ஆசிட் சேர்ந்துவிட்டது, மசாஜ் பண்ணினால் வெளியேறிவிடும்' என்று மசாஜ் சென்டரில் சொல்வார்கள். நம்பாதீர்கள். நீங்கள் அடிவாரத்துக்கு வந்து டீ குடித்துவிட்டு பஸ் பிடித்து வீடு வந்து சேர்வதற்குள்ளேயே ரத்தத்தில் இருந்த லாக்டேட் (லாக்டிக் ஆசிட் என்று அவர்கள் சொல்வது இதைத்தான்) பழைய அளவுக்குத் திரும்பியிருக்கும். இரண்டு நாள் கழித்து வரும் வலிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 2012-ல் வெளியிட்ட சின்ன ஆய்வு ஒன்று உண்டு. 11 இளைஞர்களைச் சைக்கிள் மிதிக்கவைத்துக் களைப்படையச் செய்து, ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிடம் மசாஜ் செய்து, இரண்டு தொடையிலிருந்தும் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். மசாஜ் செய்த காலில் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் குறைந்திருந்தன, லாக்டேட் அளவில் வித்தியாசமே இல்லை. 11 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் 2020-ல் 29 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பும் ஏறக்குறைய இதே திசையில்தான் போகிறது: மசாஜால் வலியும் விறைப்பும் கொஞ்சம் குறைகின்றன, பலமோ வேகமோ கூடுவதில்லை. ஆக, மசாஜ் சதையை ஒட்டவைக்காது, வலியைத் தாங்கும்படி ஆக்கி நடமாட விடும். அவ்வளவுக்காக அதை எடுங்கள், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, வீட்டில் எப்படி? முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்துவிடுங்கள். கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் தலையணை வைத்து கால் லேசாக மடங்கி இருக்கும்படி பாருங்கள். கால் விறைத்து நீட்டியிருந்தால் தொடைச் சதை தளராது, என்ன நீவினாலும் மேலோடு போய்விடும். உள்ளங்கையில் எண்ணெய் தடவி, முட்டிக்கு மேலே நாலு விரல் தள்ளி ஆரம்பித்து, முழு உள்ளங்கையும் படியும்படி இடுப்பை நோக்கி மெதுவாக நீவுங்கள். எப்போதும் கீழிருந்து மேலே. இரண்டு மூன்று நிமிடம் இப்படிப் போனதும் சதை கொஞ்சம் இளகியதைக் கையிலேயே உணரலாம். அப்புறம் இரண்டு கையாலும் தொடையைச் சப்பாத்தி மாவு பிசைகிற வேகத்தில், ஆனால் அந்த பலத்தில் இல்லாமல், கொத்தாகப் பிடித்துப் பிடித்து விடுங்கள். வலியை பத்துக்கு மார்க் போட்டால் நாலைத் தாண்டக் கூடாது. பல்லைக் கடிக்கிறீர்கள், மூச்சைப் பிடிக்கிறீர்கள் என்றால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். கடைசியில் மறுபடி இரண்டு நிமிடம் நீவி முடியுங்கள். ஒரு தொடைக்கு எட்டு நிமிடம் போதும்.

கெண்டைக்காலுக்கும் இதே முறைதான். குப்புறப் படுத்து கணுக்காலுக்கு அடியில் தலையணை, வேறு யாராவது செய்துவிட்டால் நல்லது. முட்டிக்குப் பின்னால் உள்ள குழியை மட்டும் அழுத்தவே கூடாது, ரத்தக்குழாயும் நரம்பும் தோலுக்குப் பக்கத்திலேயே ஓடும் இடம் அது. மசாஜ் கன் வைத்திருந்தால் குறைந்த வேகத்தில், ஒரு சதைக்கு ஒரு நிமிடம் அல்லது ஒன்றரை நிமிடம் போதும். அதற்கும் எலும்பு மேலும் முட்டிக்குழியிலும் வேலை இல்லை.

எண்ணெய் எது என்று எல்லோரும் கேட்பார்கள், நீங்கள் கேட்காதது ஆச்சரியம். நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ போதும், கை வழுக்கிப் போகத்தான் எண்ணெய். தன்வந்தரம் தைலம் வீட்டில் இருந்தால் அதையே லேசாகச் சூடாக்கித் தேய்க்கலாம், இல்லையென்றால் இதற்காக ஓட வேண்டியதில்லை. வலிநிவாரணி களிம்பு சருமத்தில் குளிர்ச்சியோ எரிச்சலோ உண்டாக்கி உள்வலியை மறக்கவைக்கும், தப்பில்லை. அதைத் தடவிவிட்டு மேலே வெந்நீர் ஒத்தடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், தோல் வெந்துபோகும். வலி மாத்திரையில் கவனம்: மலையில் தண்ணீர் சரியாகக் குடிக்காமல் இறங்கியவர்கள் அன்றைக்கே டைக்ளோஃபெனாக், இபுப்ரொஃபென் போட்டால் சிறுநீரகத்துக்குச் சுமை. முதலில் தண்ணீர், உப்பு போட்ட மோர், வயிறாரச் சாப்பாடு.

உங்கள் இடது முட்டி வேறு விஷயம். இடுப்பின் பக்கவாட்டிலிருந்து முட்டிக்குச் சற்றுக் கீழே வரை தொடையின் வெளிப்பக்கமாக ஒரு தடித்த பட்டை ஓடுகிறது. நீண்ட இறக்கத்தில் முட்டியின் வெளிப்பக்க எலும்பருகே அது உறுத்தி வலிப்பது சகஜம். வலிக்கிறதே என்று அந்த இடத்திலேயே கட்டைவிரலை வைத்துத் தேய்க்கிறார்கள், அதனால் எரிச்சல்தான் கூடும். அந்தப் பட்டை பிசைந்து இளகுகிற சாமானும் இல்லை. அதை இழுத்துப் பிடிக்கும் சதைகள் மேலே இருக்கின்றன: ஒன்று பிட்டத்தில், இன்னொன்று பேன்ட் பாக்கெட்டில் கை நுழைகிற இடத்தில். சுவரில் ஒரு டென்னிஸ் பந்தை வைத்து, பிட்டத்தின் பக்கவாட்டால் அதன் மேல் சாய்ந்து மெதுவாக உருட்டுங்கள், ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம். முட்டியில் ஐஸ் ஒத்தடம் 10 நிமிடம், துணி சுற்றி. இரண்டு வாரத்தில் அடங்கவில்லை என்றாலும், முட்டி வீங்கினாலும், நடக்கும்போது சிக்கிக்கொண்டாலும் நேரில் காட்டிவிடுங்கள்.

சுளுக்கு வழிக்கிறவர் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கணுக்கால் பிசகவில்லை, எனவே அவருக்கு இங்கே வேலையே இல்லை. மலையில் கால் மடங்கி கணுக்கால் வீங்கியிருந்தாலும் முதல் இரண்டு மூன்று நாள் யாரையும் வழிக்க விடக் கூடாது, உள்ளே கிழிந்த இடத்தில் ரத்தக்கசிவு கூடும். அந்தக் காலை ஊன்றி நாலு எட்டு வைக்க முடியவில்லை என்றால் நேராக எக்ஸ்ரேக்குப் போக வேண்டும்.

மசாஜைத் தொடவே கூடாத நிலைமைகள் இரண்டு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து, தொட்டால் வலித்தால் அது ஆழ்சிரையில், அதாவது காலுக்குள் ஆழமாக ஓடும் ரத்தக்குழாயில், ரத்தக்கட்டியாக இருக்கலாம். சென்னை, பெங்களூர் என்று மலை இறங்கியதும் பல மணி நேரம் பஸ்ஸில் காலை மடக்கி உட்கார்ந்து போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நீவினால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடும் ஆபத்து உண்டு. இன்னொன்று, சிறுநீர் பால் விடாத டீ நிறத்தில் போவது. சதை அளவுக்கு மீறிச் சிதைந்து, அதிலிருந்து வெளிவரும் புரதம் சிறுநீரகத்தை அடைக்கப் பார்க்கிறது என்று பொருள், அன்றைக்கே ஆஸ்பத்திரி. வலி கைக்கு அடங்காமல் இருந்து, தொடையைத் தூக்கவே பலமில்லை என்றாலும் அப்படித்தான்.

இவை எதுவும் இல்லை என்றால் படுத்தே கிடக்காதீர்கள். காலை, மாலை பத்துப் பதினைந்து நிமிடம் சமதளத்தில் நடங்கள். வேலையிடத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் உட்காருங்கள். படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக. நீங்கள் அடுத்த மலைக்குத் தேதி குறித்திருந்தால், அதற்கு முன் மூன்று வாரம், வாரத்துக்கு இரண்டு நாள் நாலைந்து மாடி உயரத்துக்குப் படியில் இறங்கிப் பழகுங்கள், ஏறுவதற்கு லிஃப்டில் போனாலும் சரி. ஒரு முறை இறக்கத்தில் அடிபட்ட சதை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை நன்றாகத் தாங்கும், எந்த மசாஜும் இந்த அளவுக்கு உதவாது. அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடியை இறங்கும்போதும் ஊன்றுங்கள், பாதிப் பேர் அதை ஏறத்தான் பயன்படுத்திவிட்டு இறக்கத்தில் தோளில் போட்டுக்கொள்கிறார்கள்.

நண்பர் சொன்ன சென்டருக்குப் போயே ஆக வேண்டும் என்று ஆசை இருந்தால் சனிக்கிழமைக்கு மேல் போங்கள், வலி பாதியாவது இறங்கியிருக்கும். டீப் டிஷ்யூ கேட்காதீர்கள், 'மலை ஏறி இறங்கிய கால், மிதமான அழுத்தம் போதும், தொடையிலும் பிட்டத்திலும் அதிக நேரம் கொடுங்கள், இடது முட்டியின் வெளிப்பக்கத்தைத் தொட வேண்டாம்' என்று படுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். 'தாங்கிக்கோங்க சார், வலிச்சாதான் சரியாகும்' என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடலாம்.