தம்பிக்கு ஸ்டெம் செல் கொடுப்பது பாவமா?

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். கீமோ முடிந்ததும் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்யலாம், கூடப்பிறந்தவள் கொடுத்தால் நல்லது என்கிறார் டாக்டர். எங்கள் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். ஒரு பெரியவர், “அது கருவைக் கொன்று செய்கிற வைத்தியம், திருச்சபை தடுத்திருக்கிறது” என்றார். அன்றிலிருந்து அம்மா அழுதபடி இருக்கிறார். எனக்கோ கோபம். உயிருக்குப் போராடுகிறவனைக் காப்பாற்ற மதம் ஏன் குறுக்கே வர வேண்டும்?

ரெஜினா

அன்புள்ள ரெஜினா,

முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள்: இதில் எந்தக் கருவும் இல்லை. உங்களுக்கு நான்கைந்து நாள் ஊசி போடுவார்கள். எலும்பு மஜ்ஜையில் இருந்து புது ரத்த அணுக்களை உருவாக்கும் தாய்ச் செல்களான ஸ்டெம் செல்கள் ரத்தத்துக்கு வரும். அப்புறம் உங்கள் ரத்தம் ஓர் இயந்திரத்துக்குப் போய், அந்தச் செல்களை மட்டும் அங்கே விட்டுவிட்டு உங்களுக்கே திரும்பி வரும். சில மணி நேர வேலை. திருச்சபை இதைத் தடுக்கவில்லை. வளர்ந்த உடலிலிருந்தும் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்தும் ஸ்டெம் செல் எடுப்பது தகும் என்றே 2008-இல் வத்திக்கான் வெளியிட்ட ‘திக்னித்தாஸ் பெர்சோனே’ ஆவணம் சொல்கிறது.

பெரியவர் மனதில் இருந்தது வேறு. செயற்கைக் கருத்தரிப்பில் உருவாகி ஐந்தாறு நாள் வளர்ந்த கரு, கண்ணுக்குப் புள்ளிபோலத்தான் இருக்கும். அப்படிப்பட்ட கருக்களிலிருந்து 1998-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் ஜேம்ஸ் தாம்சன் முதன்முதலாக, உடலின் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய மனிதக் கரு ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்தார். செல்லை எடுத்தால் கரு அழிந்துவிடும். கருவுற்ற நொடியிலிருந்தே அதற்கு மனித மதிப்பு உண்டு என்கிறது கத்தோலிக்கம். யூதர்களின் மறைச்சட்ட நூலான தல்மூதோ முதல் நாற்பது நாள் கருவை வெறும் நீர் என்கிறது. ஈரானில், தெஹ்ரானின் ரோயான் ஆய்வு நிறுவனம் இஸ்லாமிய மதத் தலைமையின் ஒப்புதலோடுதான் கரு ஸ்டெம் செல் ஆய்வைச் செய்கிறது. ‘மதம்’ என்று ஒரே சொல்லில் எல்லாரையும் அடைக்க முடியாது.

உங்கள் கோபம் புரிகிறது. ஆனாலும் இந்தத் தயக்கத்தை வெறும் முட்டுக்கட்டை என்று நான் நினைக்கவில்லை. ஜப்பானிய மருத்துவர் ஷின்யா யமனாகா ஒருமுறை நண்பரின் கருத்தரிப்பு மையத்தில் நுண்ணோக்கி வழியாக ஒரு கருவைப் பார்த்தார். இதற்கும் என் மகள்களுக்கும் எவ்வளவு சின்ன வித்தியாசம் என்று அவருக்குப் பட்டுவிட்டது. கருவை அழிக்காமல் வேறு வழி இருக்குமா என்று தேடினார். 2006-இல் எலியின் சாதாரணச் செல்லில் நான்கு மரபணுக்களைச் செலுத்தி அதைக் கருச்செல் போலவே மாற்றிக் காட்டினார். மறு ஆண்டு மனிதச் செல்லிலும் செய்தார். 2012-இல் நோபல் பரிசு. மனம் உறுத்தியதால்தான் இப்படி ஒரு வழி திறந்தது.

இதைக் காட்டி, “பார்த்தீர்களா, கருவே வேண்டியதில்லை” என்கிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். அந்த நான்கும் எங்கிருந்து வந்தன? கரு ஸ்டெம் செல்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து தெரிந்துகொண்டதை வைத்து 24 மரபணுக்களைப் பொறுக்கி, அவற்றிலிருந்து சலித்து எடுத்தவை. எந்த ஆய்வைப் பாவம் என்கிறோமோ, அது இல்லாமல் இந்த மாற்று வழியும் வந்திருக்காது.

என் கருத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். பெற்றோர் மனமுவந்து கொடுத்த, இனி எந்தக் கருப்பைக்கும் போகப்போவதில்லை என்றான கருக்களை, கருவுற்றதிலிருந்து பதினான்கு நாள் என்ற வரம்புக்குள் ஆய்வுக்குப் பயன்படுத்தலாம். 2001-இல் அமெரிக்க அதிபர் புஷ், புதிதாகக் கருவை அழித்து எடுக்கும் செல்கள்மீதான ஆய்வுக்கு அரசுப் பணம் கிடையாது என்றார். ஆனால் கருத்தரிப்பு மையங்களின் உறைகலன்களில் மிஞ்சிய கருக்கள் குப்பைக்குப் போவதை அந்த முடிவு தடுக்கவில்லை. தூக்கி எறியலாம், நோயாளிக்கு உதவக் கூடாது என்பது கருவுக்குச் செய்யும் மரியாதையாக எனக்குத் தெரியவில்லை. திருச்சபையிடம் இந்த முரண் இல்லை, அது செயற்கைக் கருத்தரிப்பையே ஏற்பதில்லை. அதன் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை, அந்த நேர்மையை மதிக்கிறேன்.

சரி, பொருத்தப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டீர்களா? கூடப்பிறந்தவர் ஒருவர் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. பொருந்தாவிட்டாலும் பாதிப் பொருத்தத்தில் செய்யும் முறை இருக்கிறது, மனம் தளர வேண்டாம். இந்த வாரமே போங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், டாக்டர் வாயாலேயே இதையெல்லாம் கேட்க வையுங்கள்.